டிராயிங் வகுப்புக்கு என்ன வாங்குவது, ஸ்கெட்ச்புக்கில் எதை வரைவது?

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்து கிருஷ்ணகிரியில் விஷுவல் கம்யூனிகேஷன் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன், டிராயிங் வகுப்புக்கு இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எந்தக் கம்பெனியில் எதை வாங்குவது, வாரா வாரம் காட்டச் சொல்லும் ஸ்கெட்ச்புக்கில் எதை வரைவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: பள்ளியில் அறிவியல் ரெக்கார்டு நோட்டில் வரைந்ததோடு சரி, கூடப் படிப்பவர்கள் எல்லாரும் நன்றாக வரைகிறார்கள், என் நோட்டை அவர்கள் முன்னால் திறக்கவே கூச்சமாக இருக்கிறது என்று. எனக்கு அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எந்தக் கம்பெனி பென்சில் என்பதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். கூச்சம் இல்லாமல் தினமும் வரைய என்ன ஏற்பாடு செய்துகொள்வது என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கல்லூரி மாணவர்களுக்குப் பல வருடங்களாக டிராயிங் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பென்சில், கரி, மை இந்த மூன்றும்தான் என் கை. டேப்லட்டில் வரைவதைப் பற்றியும், ஆயில் கலர் பற்றியும் இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை. உங்கள் ஆசிரியர் வேறு மாதிரி சொன்னால் அந்த வகுப்பில் அவர் சொல்வதையே கேளுங்கள். மார்க் போடுவது அவர்.

முதலில் பட்டியல். அதை முழுதாக ஒரே நாளில் வாங்காதீர்கள். கல்லூரிப் பட்டியல் பெரும்பாலும் ஒரு வருடம் முழுதும் தேவைப்படுவதைச் சேர்த்து எழுதியது. போஸ்டர் கலர் பெட்டி, வாட்டர் கலர் பிரஷ், ஸ்டென்சில், ரோட்ரிங் பேனா போன்றவை இரண்டாம் பருவத்தில்தான் கைக்கு வரும். முதல் வகுப்பிலேயே ஆசிரியரிடம், 'சார், முதல் மாதத்துக்கு எது எது வேண்டும்?' என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் மொத்தமாக வாங்கிவிட்டு, ஒரு வருடம் கழித்துக் காய்ந்துபோன கலர் டியூப்களோடு வரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பா தக்காளி விற்ற காசு அது.

முதல் நாளுக்குத் தேவை இவ்வளவுதான்: நான்கு பென்சில், ஒரு ரப்பர், ஒரு பேப்பர் கட்டர், ஒரு பலகை, இரண்டு கிளிப், கொஞ்சம் தாள், ஒரு நோட்டு. நான்கு பென்சில் என்றால் ஹெச்பி, 2பி, 4பி, 6பி. பி-க்கு முன்னால் எண் கூடக் கூட முனை மென்மை, ஹெச் என்றால் கெட்டி. பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. களிமண் கூடினால் முனை கெட்டியாகும், கோடு வெளுப்பாக விழும். கிராஃபைட் கூடினால் முனை மென்மையாகும், கோடு கறுப்பாகும். கலவை விகிதத்தை ஒவ்வொரு கம்பெனியும் தானே வைத்துக்கொள்வதால், ஒரு கம்பெனியின் 4பியும் இன்னொரு கம்பெனியின் 4பியும் ஒரே கறுப்பில் இருக்காது. அதனால் நான்கையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். அப்சரா, கேமலின், நடராஜ் எதுவானாலும் முதல் வருடத்துக்குத் தாராளமாகப் போதும். ஸ்டெட்லர், ஃபேபர்-காஸ்டல் நல்ல பென்சில்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளூர் பென்சிலால் வரைய முடியாத எதையும் முதலாண்டில் யாரும் உங்களை வரையச் சொல்லப் போவதில்லை. பட்டியலில் 2ஹெச் இருந்தால் அது ஜியோமெட்ரிக்கோ, தூரம் தெரியும்படி வரையும் பெர்ஸ்பெக்டிவுக்கோ இருக்கும். அதைக் கொண்டு உருவம் வரையாதீர்கள். கெட்டி முனை தாளில் பள்ளம் போட்டுவிடும். பிறகு மேலே ஷேடு கொடுத்தால் அந்தப் பள்ளம் வெள்ளைக் கோடாகத் தெரியும், ரப்பரால் எதுவும் செய்ய முடியாது.

பென்சிலை ஷார்ப்பனரில் சீவாமல் கட்டரில் சீவப் பழகுங்கள். மரத்தை நீளமாகச் சரித்துச் சீவி, முனை ஒரு சென்டிமீட்டராவது வெளியே தெரியும்படி வையுங்கள். அப்போதுதான் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து அகலமாகத் தேய்க்க முடியும், நுனியால் மெல்லிய கோடும் போட முடியும். ஷார்ப்பனர் கொடுக்கும் குட்டை முனையில் இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். நுனியைக் கூராக்க ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் ஒன்று வாங்கி, சின்னத் துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலைக் கீழே போடாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே முனை துண்டு துண்டாக உடைந்திருக்கும், சீவச் சீவ விழுந்துகொண்டே இருக்கும். கட்டையாகிப்போன பென்சிலைப் பழைய பேனாவின் குழாயில் செருகினால் கடைசி வரை எழுதும்.

ரப்பரில் வெள்ளை நிற மென்மையான ரப்பர் போதும். கரியில் வரையத் தொடங்கும்போது 'நீடபிள் ரப்பர்' என்று கேட்டு வாங்குங்கள். அது மெழுகு மாதிரி பிசையக்கூடியது, தேய்க்காமல் ஒற்றி எடுத்தாலே கரி வந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி ஸ்டேஷனரி கடைகளில் அது கிடைக்காவிட்டால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ யாராவது போகும்போது சொல்லிவிடலாம், அவசரமில்லை.

பலகையைக் கடையில் வாங்க வேண்டாம். பிளைவுட் கடையில் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டோ, மழமழவென்ற ஹார்டுபோர்டோ, 16க்கு 20 அங்குலத்தில் ஒரு துண்டு வெட்டிக் கேளுங்கள். பெரிய பலகையில் மிச்சம் விழுந்த துண்டே கிடைத்துவிடும். ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, மேலே இரண்டு இரும்புக் கிளிப் போட்டால் ஏ3 தாள் தாராளமாக உட்காரும். இதைவிடப் பெரியது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். காலையில் பென்னாகரத்திலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டு அரை ஆள் உயரப் பலகையைப் பிடித்து வருவது கஷ்டம். கஷ்டமாக இருந்தால் ஒரு மாதத்தில் பலகை வீட்டிலேயே தங்கிவிடும்.

தாளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடைக்காரர் ஜிஎஸ்எம் என்று ஒரு எண் சொல்வார். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 வரை. டிராயிங்குக்கான கார்ட்ரிட்ஜ் தாள் 120 முதல் 150 வரை இருந்தால் பென்சிலுக்கும் கரிக்கும் நல்லது. வாட்டர் கலருக்கு 300 இருந்தால் தண்ணீர் பட்டாலும் அவ்வளவாகச் சுருளாது. எண்ணைவிட முக்கியம் மேற்பரப்பு. விரல் நுனியால் தடவிப் பாருங்கள். லேசான சொரசொரப்பு இருந்தால்தான் கிராஃபைட் பிடிக்கும். வழவழப்பான சார்ட் அட்டையில் பென்சில் வழுக்கிக்கொண்டு போகும், கரி நிற்கவே நிற்காது. தாளுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, சொரசொரப்பான பக்கத்தில் வரையுங்கள்.

ஆனால் நல்ல தாளை நல்ல வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் சப்மிஷன் கேட்பார்கள், அதற்குக் கார்ட்ரிட்ஜ் தாள். பயிற்சிக்கு உங்களால் கணக்குப் பார்க்காமல் செலவழிக்க முடிந்த தாள். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன். வீணாகிவிடுமோ என்று கை தயங்கும் தாளில் ஒருவரும் வரையக் கற்றுக்கொண்டதில்லை. அச்சகங்களில் வெட்டி மிச்சமான தாளை எடைக்குக் கொடுப்பார்கள். செய்தித்தாள் அச்சடிக்கும் வெற்றுத் தாளான நியூஸ்பிரிண்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. வெயில் பட்டால் சீக்கிரம் மஞ்சளாகும், ஆனால் கரியும் மென்மையான பென்சிலும் அதில் அருமையாகப் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் அச்சான பழைய நோட்டீஸ், ஜெராக்ஸ் கடையில் வீணான தாள், எல்லாமே ஆகும். நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பிரவுன் தாளையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பழுப்பு நிறமே நடுத்தர நிழலாக இருக்கும். கரியால் இருட்டையும் வெள்ளைச் சாக்பீஸால் வெளிச்சத்தையும் போட்டால் உருவம் எழுந்து நிற்கும். முதல் தடவை அதைச் செய்யும் மாணவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றும் ஆசை.

ஸ்கெட்ச்புக்குக்கு வருகிறேன். கடையில் தோல் மாதிரி அட்டை போட்டு, எலாஸ்டிக் வைத்து அழகாக விற்பார்கள். வாங்காதீர்கள். அவ்வளவு அழகான நோட்டின் முதல் பக்கத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வராது. அதில் நல்ல படம் மட்டுமே போட வேண்டும் என்று தோன்றும், பிறகு எதுவுமே போட மாட்டீர்கள். 22க்கு 30 அங்குலக் கார்ட்ரிட்ஜ் தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து வெட்டினால் 7.5க்கு 11 அங்குலத்தில் எட்டு இலை கிடைக்கும். ஏ4ஐ விடக் கொஞ்சம் சின்னது. பத்துத் தாள் வாங்கினால் 80 இலை. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, பின்பக்கம் கனமான அட்டை வைத்து ஸ்பைரல் போட்டுத் தரச் சொல்லுங்கள். பின்பக்க அட்டை கனமாக இருந்தால் பலகை இல்லாமலே மடியில் வைத்து வரையலாம். ஸ்பைரல் முழுதாகத் திருப்பி மடியும் என்பது பஸ்ஸில் பெரிய வசதி. ஒரு குறை, பக்கங்கள் ஒன்றோடொன்று உரசிப் பென்சில் மங்கும். புத்தக பைண்டிங் செய்பவர் இருந்தால் நடுத்தையல் போட்டு வாங்குங்கள், விரித்தால் படிந்து கிடக்கும். பசை மட்டும் போட்ட பைண்டிங் வேண்டாம், விரிய மறுக்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். இதோடு சட்டைப்பையில் போகிற மாதிரி ஒரு சின்ன நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியது வீட்டுக்கும் வகுப்புக்கும், சின்னது பஸ்ஸுக்கும் சந்தைக்கும்.

எதில் வரைவது? சின்ன நோட்டுக்கு நான் சொல்வது பால்பாயிண்ட் பேனா. அழுத்தினால் கறுக்கும், லேசாக ஓட்டினால் வெளுக்கும், சீவ வேண்டியதில்லை, கையில் ஒட்டாது. முக்கியமாக, அழிக்க முடியாது. கோடு தப்பாகப் போனால் பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். இந்த ஒன்று உங்கள் கூச்சத்துக்கு நல்ல மருந்து. பால்பாயிண்ட் மை நாள்பட்ட வெளிச்சத்தில் மங்கும், அதனால் பிரேம் போட்டு மாட்டும் படத்துக்கு உதவாது, நோட்டுக்குள் மூடி இருக்கும்வரை கவலையில்லை. ஜெல் பேனா ஈரக் கையில் இழுபடும். கறுப்பு டிராயிங் இங்க்கை மட்டும் சாதா மைப் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அது தொட்டு எழுதும் நிப்புக்கானது.

இனி, எதை வரைவது. கூகுளிலும் பின்டரெஸ்ட்டிலும் படம் தேடிப் பார்த்து வரைந்தவை எந்த நோட்டில் இருந்தாலும் ஆசிரியருக்குப் பக்கத்தைத் திருப்பும்போதே தெரியும். சப்மிஷனுக்கு முந்தைய ராத்திரி உட்கார்ந்து முப்பது பக்கம் நிரப்பியதும் தெரியும். ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே டியூப்லைட் வெளிச்சம், ஒரே மேசை. நாங்கள் தேடுவது வேறு. பல நாள், பல இடம், பல வெளிச்சம், ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்த தடயம். ஒரு பக்கத்தில் ஆட்டின் கால் ஐந்து தடவை அரைகுறையாக வரையப்பட்டிருந்து, ஐந்தாவது கால் முதலாவதைவிட ஆட்டின் காலாக இருந்தால் அந்தப் பக்கத்துக்கு நான் நல்ல மார்க் போடுவேன். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், நேரம் எழுதுங்கள். பிடிக்காத பக்கத்தைக் கிழிக்காதீர்கள். கிழித்துவிட்டால் நீங்கள் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

வீட்டிலேயே தொடங்குங்கள். குடம், சொம்பு, அண்டா, டம்ளர். இவற்றின் வாய் வட்டம், ஆனால் உங்கள் கண்ணுக்கு நீள்வட்டமாகத்தான் தெரியும். புதிதாக வரைபவர்கள் இரண்டு ஓரத்திலும் அதைக் கண் மாதிரிக் கூராக்கிவிடுவார்கள். நீள்வட்டத்துக்கு மூலையே கிடையாது. டம்ளரைக் கண் மட்டத்தில் தூக்கிப் பிடித்தால் வாய் ஒரு நேர்க்கோடாகத் தெரியும். மெதுவாகக் கீழே இறக்க இறக்க அது அகன்றுகொண்டே போகும். அதனால் ஒரே குடத்தில் வாயைவிட அடிப்பாகம் அதிகமாக வளைந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் அடியை நேர்க்கோடாக இழுப்பதால்தான் குடம் தரையில் உட்காராமல் மிதக்கிறது. இது புரிந்தபிறகு ஒரு விடுமுறை நாளில் ஒகேனக்கல் போய்ப் பரிசலை வரையுங்கள். அதே நீள்வட்டம்தான், ஆனால் தண்ணீரில் சாய்ந்து சாய்ந்து மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் எடை எந்தப் பக்கம் என்பதையும் அந்தச் சாய்வு சொல்லிவிடும்.

மாம்பழக் காலத்தில் உங்களுக்கு வேறு மாடலே வேண்டாம். செந்தூரா உருண்டை, பெங்களூரா நீண்டு முனையில் கிளிமூக்கு. இரண்டையும் ஜன்னல் ஓரம் வைத்து, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழும்படி செய்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரமெல்லாம் மறைந்து வெளிச்சம், நடு நிழல், இருட்டு என்று மூன்றே பகுதி தெரியும். அந்த மூன்றை மட்டும் போடுங்கள். அப்புறம் ஒன்று கவனியுங்கள். பழத்தின் இருட்டான பக்கத்தின் கடைசி ஓரத்தில், மேசையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால் இருட்டு கொஞ்சம் குறையும். அதைப் பார்த்துப் போட்டால் பழம் உருண்டுவிடும். ஆனால் அந்த ஓரம் எக்காரணத்தைக் கொண்டும் வெளிச்சப் பக்கத்தை விட வெளுப்பாகக் கூடாது.

அளவு தவறாமல் இருக்க ஒரு பழைய வழி உண்டு, அது நிச்சயமாக வேலை செய்யும். கையை முழுதாக நீட்டி, முழங்கை மடங்காமல், பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு கண்ணை மூடுங்கள். பென்சில் நுனி உச்சியில், கட்டைவிரல் அடியில். அந்த நீளத்தை அப்படியே படுக்கவைத்து அகலத்தோடு ஒப்பிடுங்கள். குடத்தின் உயரத்தில் கழுத்து எத்தனை பங்கு, அகலம் எத்தனை பங்கு என்று எண்ணில் தெரிந்துவிடும். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, பொருளை விட்டுவிட்டுப் பொருள்களுக்கு நடுவிலுள்ள காலி இடத்தை வரைவது. கயிற்றுக் கட்டிலின் நான்கு கால்களை வரைய முயன்றால் மனம் தனக்குத் தெரிந்த கட்டிலை வரைந்துவிடும். கால்களுக்கு இடையே தெரியும் சுவரின் வடிவத்தை வரைந்தால் கட்டில் தானாகச் சரியாக வந்து நிற்கும். புளியமரத்துக் கிளைகளுக்கும் இதேதான்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் அசைவார்கள், என்ன செய்வது என்று கேட்பீர்கள். அங்கே முழுப் படம் வேண்டாம். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம், அதற்குமேல் கிடையாது. தலை எங்கே, தோள் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, எடை எந்தக் காலில், இவ்வளவுதான். முகம் போடாதீர்கள். காத்திருப்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே நிலைக்கு வருவார்கள் என்பதைக் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடிப்பீர்கள். பையைத் தோள் மாற்றியவர் திரும்பவும் பழைய தோளுக்கே மாற்றுவார். அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சந்தையில் மாடும் ஆடும் அதே மாதிரிதான். நான்கைந்து ஆடுகளை ஒரே பக்கத்தில் தொடங்கி வைத்து, எது எந்த நிலைக்குத் திரும்புகிறதோ அதைப் பூர்த்தி செய்யலாம். யாராவது நீங்கள் வரைவதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் அருகிலிருந்து வரைவதென்றால் கேட்டுவிட்டு வரையுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள், படத்தைக் காட்டச் சொல்வார்கள். காட்டுங்கள். கூடப் படிப்பவர்களுக்கு முன்னால் வரும் கூச்சம் முன்பின் தெரியாத ஒரு பாட்டியிடம் அவ்வளவாக வராது, அங்கே பழகிக்கொள்ளலாம்.

நம் ஊரில் இருப்பதால் உங்களுக்கு இரண்டு பாக்கியம். ஒன்று பாறை. கிருஷ்ணகிரி கோட்டை மலையை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது தளம் தளமாக வெட்டிய மாதிரி இருக்கும். பாறைக்கு வெளிக்கோடு போட்டுவிட்டு உள்ளே ஷேடு அடிப்பது வழக்கம். அப்படிச் செய்யாமல், வெயில் நேராக விழும் மேல்தளம், சாய்வாக விழும் பக்கத்தளம், விழாத அடித்தளம் என்று பிரித்து, கரியைப் படுக்கவைத்துத் தேய்த்தே மலையை எழுப்பிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கும் பகல் பன்னிரண்டுக்கும் ஒரே பாறையை வரைந்தால் வெளிச்சம் என்றால் என்ன என்பது ஒரு நாளில் விளங்கும். இரண்டாவது, இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்கள். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன, வயல்வெளிகளிலும் நிற்கின்றன. வாளும் வில்லுமாக நிற்கும் அந்த வீரனைச் செதுக்கியவர் மிகக் குறைந்த ஆழத்தில், தேவையில்லாத எதையும் சேர்க்காமல், உடலின் வேகத்தை மட்டும் பிடித்திருப்பார். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் நேரத்தில் போங்கள், நேர் வெளிச்சத்தில் புடைப்பு தட்டையாகிவிடும். உள்ளே உட்கார்ந்து வரைய அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மேற்கூரையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்கும், பரவாயில்லை, அண்ணாந்து பார்த்து ஒரு உருவத்தின் வெளிக்கோடு ஒன்றையாவது பின்தொடருங்கள்.

பெரியவர்கள் வரைந்ததைப் பார்த்து வரையலாமா என்றால், தாராளமாக. கோயில் சிற்பங்களுக்கு முன்னால் நேரில் உட்கார்ந்து வரைந்த 'சில்பி' என்ற ஓவியரின் படங்களையும், 1969ல் காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களையும் தேடிப் பாருங்கள். சில்பியிடம் பொறுமை, ஆதிமூலத்திடம் கோட்டின் துணிச்சல். பார்த்து வரைந்தால் பக்கத்தின் கீழே யாருடையதைப் பார்த்து என்று எழுதிவிடுங்கள்.

இதுவரை சொன்ன பொருள்களின் குணமும், நீள்வட்டமும், வெளிச்சமும், அளவெடுப்பதும் எந்த ஆசிரியரிடம் போனாலும் மாறாது. இனிச் சொல்பவை ஆளுக்கு ஆள் மாறும். முதல் பருவத்தில் ரப்பரே கூடாது என்பார்கள் சிலர். நான் ஸ்கெட்ச்புக்கில் கூடாது, சப்மிஷன் தாளில் ஆகலாம் என்பவன். போன் போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது என்பது இன்னொரு வாதம். போட்டோ நிழலுக்குள் இருப்பதை முழுக் கறுப்பாக்கிவிடும், அருகிலிருப்பதைப் பெரிதாக்கிவிடும் என்பது உண்மை. அதனால் நேரில் ஒரு தடவையாவது வரைந்த பொருளுக்கு மட்டும், விட்டுப்போன விவரத்தைச் சரிபார்க்கப் போட்டோவைப் பயன்படுத்தலாம் என்பது என் நிலை. கரிப் படம் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே விலை அதிகம், ஹேர் ஸ்ப்ரே அடிக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வகுப்புத் தாளுக்கு அடிக்கிறார்கள், கரி ஓரளவு பிடிக்கவும் செய்கிறது. நாள்பட்டால் தாள் மஞ்சளாகலாம் என்பதால் வைத்துக்கொள்ள விரும்பும் படத்துக்கு நான் அடிக்கச் சொல்ல மாட்டேன். எந்த ஸ்ப்ரேயானாலும் மொட்டைமாடியிலோ வாசலிலோ வைத்து, ஒரு முழம் தள்ளி நின்று அடியுங்கள், மூடிய அறையில் வேண்டாம். ஸ்ப்ரேயே இல்லாமல் படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்தாலும் பாதிக் கவலை தீரும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒன்று. உள்ளங்கை வேர்வை பென்சில் கோட்டைக் கலைத்துவிடும். வரையும்போது கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர் இடது மேல் மூலையிலிருந்து கீழே வருவது நல்லது. நிழலை விரலால் தேய்த்துக் குழைக்காதீர்கள், விரலின் எண்ணெய்ப்பசை தாளில் ஏறி அந்த இடம் பிறகு அழியவும் அழியாது, மேலே கரியும் பிடிக்காது. தாளை இறுக்கமாகச் சுருட்டி நுனியைக் கூராக்கினால் தேய்க்கும் குச்சி தயார். பென்சிலால் பளபளக்க அழுத்திய இடத்தின் மேல் கரி ஒட்டாது என்பதால், ஒரு படத்தைக் கரியில் செய்வதா பென்சிலில் செய்வதா என்று தொடங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தினமும் எவ்வளவு நேரம்? கால் மணி நேரம் போதும், ஆனால் எல்லா நாளும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஆறு நாள் தொடாமல் இருப்பவரைவிட, தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பக்கம் போடுபவர் முந்திவிடுகிறார். வகுப்பு வகுப்பாக இதைப் பார்த்து வருகிறேன். வாரம் ஒருமுறை, வெறும் வரைதலோடு நில்லாமல், அந்த வாரம் எது கண்ணில் பிடிபட்டது, எது பிடிபடவில்லை என்று இரண்டு வரி தமிழிலேயே ஓரத்தில் எழுதுங்கள். 'ஆட்டின் பின்னங்கால் எங்கே மடங்குகிறது என்று தெரியவில்லை' என்று எழுதிவைத்தால் அடுத்த சந்தையில் கண் நேராக அங்கேதான் போகும். ஆசிரியரிடம் நோட்டைக் கொடுக்கும்போதும் 'எப்படி இருக்கு சார்?' என்பதைவிட அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் பதிலே வேறாக இருக்கும்.

கூடப் படிப்பவர்களைப் பற்றி. நன்றாக வரைகிறார்கள் என்று நீங்கள் சொல்பவர்களில் சிலர் நடிகர் முகத்தையும் அனிமே உருவத்தையும் பல வருடம் திரும்பத் திரும்ப வரைந்து கையில் ஏற்றிக்கொண்டவர்களாக இருப்பார்கள். அதுவும் உழைப்புதான், மதிக்க வேண்டியதுதான். ஆனால் மேசையில் ஒரு சொம்பை வைத்து வரையச் சொல்லும் முதல் வாரத்தில் அவர்களும் நீங்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்பீர்கள். ரெக்கார்டு நோட்டில் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டைப் பார்த்துப் பார்த்து, பாகங்களைக் குறித்து வரைந்த பழக்கம் உங்களுக்கு அங்கே கைகொடுக்கும். எதிரில் இருப்பதை உள்ளபடி பார்ப்பது என்ற வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள்.

வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆனதும் பென்சில்களை எடுத்துப் பாருங்கள். எது அதிகம் தேய்ந்திருக்கிறதோ அதை இரண்டாக வாங்குங்கள். பெரும்பாலும் 4பியாக இருக்கும். ஹெச்பி அப்படியே இருந்தால் அதை மறுபடி வாங்க வேண்டாம். அதற்குள் கரி வகுப்பு வந்திருந்தால் மென்மையான கரிப் பென்சில் ஒன்றும் கரிக்குச்சி ஒரு பெட்டியும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரிப் பென்சிலையும் ஷார்ப்பனரில் போடாதீர்கள், நொறுங்கிவிடும். நிரம்பிய நோட்டுகளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ அடுக்கினால் கரையானும் ராமபாணமும் வந்துவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், மூன்றாம் ஆண்டில் உங்கள் படைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோ தயாரிக்கும்போது அந்த முதல் நோட்டையும் கேட்பார்கள்.